அரைப் பொட்டு

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்றால் போர்ட் ஹால்வரில் சித்திர நடை உண்டு. சித்திர நடை உண்டென்றால் மழையும் உண்டு. இதில் எது எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பது ஊரில் இன்னும் முடிவாகாத வழக்கு. மீன் ஆலையை மூடிய வருஷம், கடைவீதியே ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த கிளாரிஸ்தான் இதை ஆரம்பித்து வைத்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஒவ்வொரு கடையும் வாசலில் ஆரஞ்சுக் கொடி ஒன்றைச் செருகும். உள்ளே சுவரில் உள்ளூர்க்காரர் வரைந்த படங்கள் தொங்கும். ஜனங்கள் கொடிக்குக் கொடி நடந்து, படம் பார்த்து, பரிமாறுவதைச் சாப்பிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்குப் போவார்கள். மருந்துக்கடையில் மரகத நிறக் கடலும் இரும்புக்கடையில் ஆணிப்பெட்டிகளுக்கு மேலே நிர்வாணப் பெண்ணும் தொங்குவது பழகிப்போய்விட்டது.

வெர்னாவின் சலவைக் கடைதான் வீதியின் கடைசிக் கொடி. அதற்கப்புறம் படகுத்துறையும் நண்டுக் கூண்டுகளும்தான். காசு போட்டால் ஓடும் வாஷிங் மெஷின்கள் ஒரு வரிசை, எதிரே டிரையர்கள் ஒரு வரிசை, நடுவில் துணி மடிக்கும் நீள மேசை. சிப்பி பொறுக்குகிறவர்களின் சேறும், படகுக்காரர்களின் மீன்வாடையும் இங்கே வந்துதான் கழிய வேண்டும். சித்திர நடை அன்று அந்த மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து, சூடான ஆப்பிள் சாறும், புகைபோட்ட சால்மன் மீனும், குச்சி செருகிய சீஸ் துண்டுகளும் வைப்பாள். வைத்துவிட்டு அவற்றுக்குக் காவலும் நிற்பாள். படத்தைப் பார்க்காமல் தட்டையே பார்க்கிறவர்களுக்கு ஊரில் 'சீஸ் ரசிகர்கள்' என்று பெயர். அவர்களை வெர்னா கண்ட இடத்தில் கடித்துக் குதறுவாள். அவள் வாய்க்குப் பயந்தே சிலர் கடைசிக் கொடிக்கு வயிறு நிறைந்த பிறகுதான் வருவார்கள்.

அந்த அக்டோபர் மாதம் அவள் கடைக்கு வாய்த்தவை பல் டாக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் வரைந்த கொக்குப் படங்கள். கிளாரிஸ் மத்தியானமே வந்து மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் நகக்கண்ணில் எப்போதும் பசையும் பொன்வர்ணமும் ஒட்டியிருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது.

"கொக்காடி இது? ஒடஞ்ச குடைய ஒத்தக் காலுல நிக்க வச்ச மாதிரி இருக்கு" என்றாள் கிளாரிஸ்.

"மெல்லப் பேசு. அடுத்த வாரம் அந்த ஆபீஸ்லதான் எனக்குப் பல்லு புடுங்குறாங்க."

"அப்படின்னா நான் ஒண்ணு வாங்கிக்கிறேன். ஒன் பல்லுக்காக."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஹார்லன் சிரித்தான். வெர்னாவின் புருஷன். முட்டி தேயும்வரை நண்டுப்படகில் போனவன், இப்போது மெஷின்களைப் பழுது பார்க்கிறான். கொக்குகளெல்லாம் ஏறிய பிறகும் டிரையர் வரிசையின் கோடியில் ஓர் ஆணி மிச்சமிருந்தது. அது எப்போதும் மிச்சமிருக்கும். வெர்னா அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்து, கையாலேயே துடைத்து, அங்கே மாட்டினாள். விலைக்கல்ல என்று ஒரு சீட்டையும் கீழே செருகினாள்.

அது லிண்டி வரைந்தது. அவர்களுடைய ஒரே மகள். டிரையர்களின் வட்டக் கண்ணாடிகளுக்குள் துணிகள் சுழல, நடுவே ஒருத்தி குனிந்து போர்வை மடித்துக்கொண்டிருப்பாள். முகம் தெரியாது. நீல மேலங்கி போட்ட முதுகு மட்டும்தான். வரைந்த அன்றைக்கு வெர்னா சண்டை பிடித்தாள்.

"ஏண்டி, எனக்கு மூஞ்சியே இல்லையா? முதுகத்தான் வரையணுமா?"

"நீ எப்பம்மா திரும்பியிருக்க? ஒன் முதுகப் பாத்துட்டேதானே வளந்தேன்" என்றாள் லிண்டி. குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வெர்னாவுக்குத்தான் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது.

சித்திர நடையோடு கூடவே வளர்ந்தவள் லிண்டி. படம் விற்றுப்போனால் அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவது வழக்கம். பாதியாக வெட்டிய பொட்டு என்றால் அது வேறு சங்கதி: 'எனக்காக எடுத்துவையுங்கள், திரும்பி வருகிறேன்' என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த மாத நடை முடியும்வரை அதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதற்குள் வராவிட்டால் கிளாரிஸ் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவாள். பொட்டுத் தாள் கையில் கிடைத்தால் போதும், சின்ன வயதில் லிண்டி ஊரையே விற்றுவிடுவாள். நாயின் காதில், பாதிரியாரின் தொப்பியில், ஹார்லனின் வழுக்கையில் எல்லாம் முழுப் பொட்டு. அம்மாவின் முதுகில் மட்டும், சத்தமில்லாமல் பின்னால் வந்து, இடது தோளுக்குக் கீழே, கத்தரித்த அரைப் பொட்டு. வெர்னா அதோடேயே சாயங்காலம் முழுக்க நடமாடுவாள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

"எனக்கு மட்டும் ஏண்டி பாதி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"முழுசா ஒட்டுனா யாராச்சும் ஒன்னத் தூக்கிட்டுப் போயிருவாங்கம்மா. பாதின்னா எனக்காக எடுத்து வச்சிருப்பாங்க" என்றாள் அந்தப் பொடிசு.

வளர்ந்து சிப்பிக் கொட்டகையில் வேலைக்குப் போனாள். குளிரில் கத்தி பிடித்துச் சிப்பி பிளந்து பிளந்து தோள் விட்டுப்போனது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. மாத்திரை கிடைக்காமல் போனபோது அதைவிடக் கேடானது கிடைத்தது. வீட்டில் இருந்தவையெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசியில் ஒருநாள் விடியற்காலை மெஷின்களின் காசுப்பெட்டிகள் உடைந்து கிடந்தன. வெர்னா அன்றைக்கே பூட்டை மாற்றினாள். மகள் மழையில் நனைந்தபடி வந்து முன்கதவுக் கண்ணாடியைத் தட்டியபோது, உள்ளே நின்றபடியே சொன்னாள்: "இந்த வாசல்ல ஒம் மூஞ்சிய இனிமே நான் பாக்கக் கூடாது."

லிண்டி கொஞ்ச நேரம் கண்ணாடியில் கை வைத்து நின்றாள். அப்புறம் போய்விட்டாள். அதற்குப் பிறகு இது மூன்றாவது மழைக்காலம்.

கிளாரிஸ் ஏணியிலிருந்து இறங்கி, கை துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "டுவைட் பாத்தானாம்டி."

டுவைட் கிளாரிஸின் அக்கா மகன். மர லாரி ஓட்டுகிறவன்.

"நீ சொல்லச் சொன்னத அவகிட்ட சொல்லிட்டானாம். ஆத்துப் பாலத்துக்கு அடியில இருக்கா. ரெண்டாவது சனிக்கிழமை ஒங்கம்மா கடை தெறந்திருக்கும், வரச் சொன்னாங்கன்னு சொன்னானாம்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலியாம். சீஸ் வைப்பாங்களான்னு மட்டும் கேட்டாளாம்."

வெர்னா சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மளிகைக் கடைக்கு ஓடிப்போய் இன்னும் இரண்டு கட்டி சீஸ் வாங்கி வந்தாள். லிண்டிக்குப் பிடித்த மிளகு போட்டது. உட்கார்ந்து ஒரே அளவாகத் துண்டு போட்டாள்.

"ரொம்ப நம்பாத. அவ வரேன்னு சொல்லல" என்றான் ஹார்லன்.

"வரமாட்டேன்னும் சொல்லலல்ல?"

"வந்தா என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். சாப்புடச் சொல்லுவேன். துணியக் கழட்டு, தொவச்சுத் தரேம்பேன். நீ வாயத் தெறக்காத. 'எங்கடி போயிருந்த'ன்னு ஆரம்பிச்சே, ஒன்னத் தூக்கி மெஷின்ல போட்டு ஓட்டிருவேன்."

"நானா வாயத் தெறக்குறவன்?" என்றான் அவன். அது நியாயமான கேள்விதான்.

நாலு மணிக்குக் கொடி செருகியானது. மழை சாய்ந்து அடித்தது. வருகிறவர்களெல்லாம் மழைச்சட்டையின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். உள்ளே வந்த பிறகும் பாதிப்பேர் அதைக் கழற்றவில்லை. வெர்னா முன்கதவைப் பார்த்தபடி மேசைக்குப் பின்னால் நின்றாள். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் கழுத்து நீண்டது. மருந்துக்கடைக்காரர் வந்தார், பள்ளிக்கூட வாத்தியார் ஆஸ்ட்ரண்டர் பெரிய பை வைத்த கோட்டோடு வந்தார், பல் டாக்டரின் குடும்பமே வந்து கொக்குகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. ஆஸ்ட்ரண்டர் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வாத்தியாரே, கொக்கு செவுத்துல இருக்கு. தட்டுல இல்ல."

"எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டுத்தாம்மா முடிவு பண்ணணும்."

"இதோட ஆறு துண்டு முடிவு பண்ணிட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மிளகு சீஸ் குறைந்துகொண்டே வந்தது. நேரமும் போய்க்கொண்டிருந்தது. ஐந்தரை ஆனது, ஆறு ஆனது. வெளியே இருட்டிவிட்டது. கதவு திறந்து திறந்து மூடியது, வந்தவர் யாரும் லிண்டி இல்லை. ஒவ்வொரு ஏமாற்றத்துக்கும் வெர்னாவின் எரிச்சல் ஒரு படி ஏறியது. கடைசிச் சில துண்டுகளைத் தனியாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தாள்.

குனிந்து யாருக்கோ ஆப்பிள் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவியில் அவள் மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு கை தட்டுக்கு நீண்டது. நனைந்த, நீளமான, ஆண்பிள்ளைச் சட்டைக் கை. அழுக்கேறிய விரல்கள். அவை நேராக அந்த ஓரத்துக்குத்தான் போயின.

"ஏய்!" என்று நிமிராமலே கத்தினாள் வெர்னா. "அத வைய்யி! அது ஒனக்கு எடுத்து வச்சது இல்ல. திங்கிறதுக்குன்னே வந்துர்றீங்க, வெக்கமா இல்ல? இது என்ன தர்ம சத்திரமா?"

கை அப்படியே நின்றது. எடுத்த துண்டை, எடுத்த இடத்திலேயே, மெதுவாகத் திரும்ப வைத்தது. பிறகு பின்வாங்கிவிட்டது.

அந்தக் கோபத்தில் கை ஆட, சாறு ஜாடி கவிழ்ந்து அவள் மேலங்கி முழுக்கக் கொட்டியது. "போச்சு, எல்லாம் போச்சு!" என்று முணுமுணுத்துக்கொண்டே வெர்னா அலமாரிக்குப் போய், அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இஸ்திரி போட்டு வைத்திருந்த வேறொரு நீல மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் கடைக்குள் கூட்டம் நெரிந்தது. யாரோ அவள் முதுகை உரசிக்கொண்டு போனார்கள். அவள் முன்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்குக் கிளாரிஸ் வந்து கொடியை எடுத்தாள். ஓரத்தில் அப்படியே இருந்த சீஸ் துண்டுகளைப் பார்த்துவிட்டு, வெர்னாவின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

ஹார்லன் தரையைத் துடைத்தான். வெர்னா பாத்திரங்களைக் கழுவிவிட்டு, மேலங்கியைக் கழற்றிக் கூடையில் போடப் போனவள், போடவில்லை. கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஹார்லன்."

"என்ன?"

"இது நீ ஒட்டுனியா?"

இடது தோளுக்குக் கீழே, நீலத்துணியில், ஓர் அரைப் பொட்டு. கத்தரிக்கோலால் வெட்டியதல்ல. பல்லால் கடித்துப் பிய்த்தது. வளைவு மட்டும் சுத்தமாக, ஒட்டியவளின் பெருவிரல் அழுத்தம் பதிந்து இருந்தது. படப் பட்டியலோடு மேசைமேல் கிடந்த பொட்டுத் தாளில் ஒன்று குறைந்து, மறுபாதி தரையில் கிடந்தது.

"எவனாவது சின்னப் பய..." என்று ஆரம்பித்த ஹார்லன், கிட்டே வந்து பார்த்ததும் நிறுத்திவிட்டான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தான்.

"பின்கதவு வழியா ஒரு ஆளு வந்துச்சு" என்றான். "டிரையர் கண்ணாடில கைய வச்சுக் குளிர் காஞ்சுட்டு நின்னுச்சு. தொப்பி போட்டிருந்துச்சு. ரொம்ப ஒல்லி. பாலத்தடி ஆளு யாரோன்னு நெனச்சேன். காயட்டும்னு விட்டுட்டேன் வெர்னா. கிட்டப் போய்ப் பாக்கல."

"பின்கதவா?"

"ஆமா."

வெர்னாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இந்த வாசலில் உன் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அவள் அந்த வாசலுக்கு வரவில்லை. மூஞ்சியையும் காட்டவில்லை.

"அவ கையி" என்றாள். "சீஸ் எடுத்த கை அவ கையி. நான் வைய்யின்னு சொன்னேன். வச்சிட்டா. எடுத்தத வச்சிட்டாடா, ஹார்லன்! அதுக்கப்புறந்தான் நான் இந்தச் சட்டைய மாத்துனேன். அதுக்கப்புறம் ஒட்டியிருக்கா. நான் அவ்வளவு பேசுன பொறகு வந்து ஒட்டியிருக்கா!"

இருவரும் மழையில் ஓடினார்கள். படகுத்துறையில் தேடினார்கள், மூடிய ஆலையின் ஷெட்டுகளில் தேடினார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை போனார்கள். தீ மூட்டி உட்கார்ந்திருந்தவர்கள், லிண்டியா, அவள் இடத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டாளே என்றார்கள். எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் இருந்த இடத்தில் ஒரு தகரக் குவளைதான் கிடந்தது. வெர்னா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹார்லனால் அவளைத் தூக்க முடியவில்லை, அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்த மாதம் முழுக்க டுவைட் போகிற ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தான். தகவல் இல்லை. வெர்னா வழக்கம்போல் ஊர்த்துணியெல்லாம் துவைத்தாள். அந்த நீல மேலங்கியை மட்டும் துவைக்கவில்லை. ஈரக்காற்றில் பொட்டின் பசை காய்ந்து ஓரம் நிமிரத் தொடங்கியபோது, ஊசியில் சிவப்பு நூல் கோத்து, காகிதம் கிழியாமல், பொட்டைச் சுற்றிப் பொடித் தையல் போட்டாள். யாருக்கும் கேட்காத குரலில் பேசிக்கொண்டே தைத்தாள். ஹார்லன் விளக்கை நகர்த்தி வைத்தான்.

நவம்பர் நடை வந்தது. அதே மழை. சுவரில் கொக்குகள் போய் யாருடையவோ பூக்கள் வந்திருந்தன. கோடி ஆணியில் முதுகுப் படம். வெர்னா அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். பின்கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தாள். மேசையை இடம் மாற்றிப் போட்டாள், நின்றால் பின்கதவுக்கு முதுகு காட்டுகிற மாதிரி.

"அந்தப் பக்கம் பாத்து நில்லேன். வந்தா தெரியுமுல்ல" என்றான் ஹார்லன்.

"பாத்தா போயிருவா" என்றாள் வெர்னா. "அவளுக்கு என் முதுகுதான் பழக்கம்."

சாயங்காலம் முழுக்க அப்படியே நின்றாள். மிளகு சீஸ் குவிந்து கிடந்தது. ஆஸ்ட்ரண்டர் ஒரு துண்டு எடுத்துவிட்டுத் திட்டுக்குக் காத்திருந்தார். "இன்னும் எடுத்துக்கங்க வாத்தியாரே, பையிலயும் போட்டுக்கங்க" என்றாள். அவர் எடுக்கவில்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். யாரும் அன்றைக்கு அவள் கடையில் உரக்கப் பேசவில்லை. பின்கதவு வழியே காற்று வந்தது. மழைச்சத்தம் வந்தது.

ஏழு மணிக்குக் கிளாரிஸ் வீதி நெடுக அரைப் பொட்டுகளைச் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தாள். அது அவள் வழக்கம். போன மாதம் எடுத்துவைக்கச் சொல்லி வராமல் போனவர்களின் கெடு அன்றோடு முடிகிறது. மழைக்குப் பயந்து சந்து வழியாகச் சுற்றி, பின்கதவால் உள்ளே வந்தவள், வெர்னாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். நூலால் தைத்திருந்த அந்த அரைப் பொட்டு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

காலடிச் சத்தம் வந்து தன் பின்னால் நின்றதை வெர்னா கேட்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துக்கோ கண்ணு" என்றாள், திரும்பாமல். "எல்லாம் ஒனக்குத்தான் எடுத்து வச்சது. நான் திரும்பல. ஒண்ணும் கேக்கல. நீ எடுத்துச் சாப்புடு."

பக்கவாட்டிலிருந்து ஒரு கை மெதுவாகத் தட்டுக்கு நீண்டது. நகக்கண்ணில் பசையும் பொன்வர்ணமும் ஒட்டியிருந்தன. அது ஒரு துண்டை எடுத்துக்கொண்டது.

வெர்னா அந்தக் கையைப் பார்த்தாள். யாருடைய கை என்று தெரிந்துகொண்டாள். அப்போதும் அவள் திரும்பவில்லை.

"இன்னொண்ணு எடுத்துக்கோம்மா" என்றாள்.